கோல் வலையில் விழுந்த கெண்டை

"நாளைக்கு மேட்ச்சு நடக்குமா அக்கா? இங்க டிவியில புயல் புயல்னு சொல்லிக்கினே இருக்காங்க."

போனில் இப்படிக் கேட்டது பாகூர்ப் பக்கத்து அணியின் கேப்டன். வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த என் மாமனாரைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு வந்திருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை. நான் கேட்பதற்கு முன்பே தலையைத் தூக்கி ஆகாயத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மேகம் பூரா வடக்க போவுதும்மா. மெட்ராஸ் பக்கம் போயிதான் கொட்டும். நமக்கு ரெண்டு தூறல் வுழுந்தா பெரிசு. தைரியமா வரச் சொல்லு."

அதை அப்படியே போனில் சொன்னேன். பயிர் வைக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பெண்ணும் நம்பிவிட்டாள். அன்று சாயங்காலம் ஒரு சின்ன லாரியிலிருந்து ஒன்பது பெண்கள் பையும் பாயுமாக உறுவையாற்றில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். வண்டிக்காரர், "நாளைக்கு மத்தியானம் வந்து கூட்டிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவரை மறுபடி பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆயிற்று.

எங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் பையன்கள் கால்பந்து ஆடுவது புதிதல்ல. பெண்கள் எழுவர் ஆட்டம்தான் புதிது. எங்கள் அணியைச் சேர்த்தவள் எங்கள் கேப்டன். எங்கள் அடுத்த தெருக்காரி. துணிக்கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களை நிற்கவைத்துப் பேசி நாலு புடவை எடுக்கவைப்பது போலவே எங்களையும் பேசிப் பேசி மைதானத்துக்கு இழுத்து வந்தாள். நான் வில்லியனூரில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் இருக்கிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடியவள்தான். கல்யாணத்தோடு அது முடிந்தது என்று நினைத்திருந்தேன். கேப்டன் வந்து கேட்டபோது சென்னையில் வேலை செய்யும் என் கணவரிடம் போனில் சொன்னேன். "எனக்கு ஓகே. எதுக்கும் அப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்க" என்றார். மாமனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஆடறதுக்கு எடம் இருக்குதா?" என்றார்.

"இல்ல மாமா. அதுதான் பிரச்சனையே."

கரும்பு வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தை மறுநாளே டிராக்டர் விட்டுச் சமன் செய்து கொடுத்தார். வரப்பை மிதித்து உடைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. நிலம் கொடுத்தவர் ஒரு நாளும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததில்லை. கயிறு பிடித்துக் கோடு போடுவார். அத்தனை நேராக இருக்கும். விசில் ஊதியதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நெல் வயல் பக்கம் போய்விடுவார்.

இறுதிப் போட்டிக்கு நாங்களும் பாகூர்ப் பக்கத்து அணியும் வந்து சேர்ந்தோம். ஆட்டம் காலை ஏழு மணிக்கு. அந்நேரத்துக்கு அங்கிருந்து வந்து சேருவது கஷ்டம் என்பதால் முதல் நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நாத்தனாருக்குப் பிரசவம் என்று மாமியார் கடலூருக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான். இடத்துக்குக் குறைவில்லை.

வந்தவர்களில் ஒருத்தியின் முகம் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்பதாம் எண் போட்ட சட்டைக்காரி. என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். செருப்புக் கம்பெனியில் தையல் வேலை. நான் பின்வரிசையில் ஆடுகிறவள், அவள் முன்வரிசை, ஆகவே அவளைப் பிடிப்பது என் வேலை. அதுவரை மூன்று முறை எதிரெதிராக ஆடியிருந்தோம். மூன்று முறையும் என்னைத் தாண்டிப் போய் கோல் போட்டாள். கடைசித் தடவை பந்தை என் இரண்டு கால்களுக்கும் நடுவே விட்டு எடுத்துக்கொண்டு போனாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்ததை ஒரு மாதம் வரை லேபில் ஊசி குத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அவள் லாரியிலிருந்து குதித்து இறங்கி, "அக்கா, பசிக்குது" என்றாள். அதுதான் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு.

அன்று இரவு எல்லோரும் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம். தூறல் ஆரம்பித்தது. "சொன்னன்ல, ரெண்டு தூறல்" என்றார் மாமனார். பிறகு காற்று வந்தது. தென்னை மட்டை ஒன்று பின்கட்டு ஓட்டு மேல் விழுந்தது. பிறகு வானத்தை யாரோ கிழித்துவிட்டது போல ஊற்றத் தொடங்கி விடியும்வரை நிற்கவில்லை. கரண்ட் போயிற்று. நடுவில் ஒரு முறை ஒன்பதாம் எண் வீடே அதிரக் கத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தால் அவள் தலையணை மேல் ஒரு தவளை. கோல் கீப்பர்கள் பயந்து நடுங்கும் அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "அத்த எடுத்துப் போடுங்க, அத்த எடுத்துப் போடுங்க" என்று அழாத குறை. நான்தான் தவளையைக் கையில் பிடித்து வெளியே விட்டேன். எனக்கு அது ஒரு சின்ன வெற்றி மாதிரி இருந்தது.

காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். மைதானம் இல்லை. ஏரி நிரம்பி வழிந்து, வாய்க்காலும் உடைந்து, தெருமுனை வரைக்கும் ஒரே பழுப்புத் தண்ணீர். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் கோல் கம்பத்தின் மேல்பாதி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஒரு கொக்கு. மாமனார் போட்ட கோடுகள் எங்கேயோ அடியில் கரைந்துகொண்டிருந்தன.

போட்டி நடத்துகிறவர்களின் வாட்சப் குழுவில் செய்தி வந்தது: "கனமழை மற்றும் வெள்ளம் காரணமாக இறுதிப் போட்டி ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்." அதற்குக் கீழே ஒருவர், "எத்தனை மணிக்கு ஒத்திவச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தார். எங்கள் கேப்டன் பதிலுக்குத் தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த ஒரு போட்டோவை மட்டும் போட்டாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அணையைத் திறந்துவிட்டதால் ஆற்றுப் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது, பஸ் எதுவும் கிடையாது என்று தகவல் வந்தது. வந்தவர்கள் திரும்ப வழியில்லை. அவர்கள் வீடுகளிலிருந்து போன் மேல் போன். சார்ஜ் தீர்ந்துகொண்டே வர, எல்லோருக்கும் பொதுவாக ஒரு போனை மட்டும் உயிரோடு வைத்து முறை வைத்துப் பேசினார்கள். ஒரு பெண்ணின் அம்மா, "யாரு வூட்டுல இருக்கீங்க? அங்க பெரியவங்க யாரு இருக்காங்க? போன குடு" என்று கேட்க, அவள் மாமனாரிடம் கொடுத்தாள்.

"நான்தாம்மா. பொண்ணுங்கள நான் பாத்துக்கறேன். மேகம் வடக்க போவுதுன்னு சொன்னதும் நான்தான்" என்றார் அவர். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, போனைத் திருப்பிக் கொடுத்தவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அன்று முழுக்க அவர் ஆகாயத்தின் பக்கமே திரும்பவில்லை.

தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தால் சிலர் பேசிப் பேசியே தீர்ப்பார்கள். என் மாமனார் சமைத்தார். அவருக்குத் தெரிந்தது ரசமும் கருவாட்டுக் குழம்பும். வீட்டு நெல்லை அரைத்து வைத்த அரிசி இருந்ததால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கேஸ் அடுப்பைக் கூடத்துக்கே தூக்கி வந்துவிட்டார். நான் உதவிக்குப் போனால், "நீ வுடு, நான்தான வரச் சொன்னேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். ஒன்பதாம் எண் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இன்னா கொயம்பு மாமா இது! எங்கூட்டுல வந்து ஒரு வாட்டி வச்சுக் குடுங்க" என்றாள் அவள்.

"இது ஒண்ணும் பெரிசில்ல. புளி மட்டும் கொஞ்சம் நெதானமா போடணும்" என்றார், என்னிடம் ஒருபோதும் சொல்லாத ரகசியத்தை அவளிடம் சொல்லிக்கொண்டே.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது மாமனாரைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வயல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் கொட்டகையில் விதைநெல் மூட்டைகள் இருந்தன. நட்ட பயிர் வெள்ளத்தில் போனாலும் விதை இருந்தால் மறுபடி நாற்று விடலாம். விதையும் நனைந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

"மாமா, தனியா போகாதீங்க!" என்று கத்தினேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒன்பது பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கேப்டன் அதற்குள் ஆட்களைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"வரப்பு மேல வரிசையா நில்லுங்கடி. கைய வுடாதீங்க. உயரமா இருக்கறவ பள்ளத்துல நில்லு."

கொட்டகைக்குள் தண்ணீர் நுழைந்து, பரண் மேல் அடுக்கியிருந்த கீழ் வரிசை மூட்டைக்கு ஒரு சாண் கீழே வரை வந்திருந்தது. மாமனார் ஒரு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். எங்களைப் பார்த்ததும், "நீங்க எதுக்கு வந்தீங்க? போங்க, வூட்டுக்குப் போங்க" என்று திட்டினார். யாரும் கேட்கவில்லை. மூட்டையைச் சுமந்துகொண்டு அந்தத் தண்ணீரில் நடப்பது ஆகாத காரியம். வீட்டிலிருந்த பெரிய அண்டாவின் ஞாபகம் எங்கள் எல்லோரையும்விட முதலில் ஒன்பதாம் எண்ணுக்குத்தான் வந்தது. இரண்டு பேர் போய் அதை மிதக்கவிட்டே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு மூட்டையை அண்டாவில் வைத்து மேலே தார்ப்பாயைப் போர்த்தி, ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குத் தள்ளிவிட்டோம். அண்டா வரிசையாகக் கை மாறி வீட்டுப் படிக்கட்டு வரை போயிற்று. காலியாகத் திரும்பி வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் நாலாவது மூட்டை போகும்போது எவளோ ஒருத்தி, "பாஸ் பண்ணுடி, பாஸ் பண்ணு!" என்று கத்த, மழையில் நின்றுகொண்டு எல்லோரும் சிரித்தோம்.

கடைசி மூட்டையின்போது எனக்கு அடுத்து நின்ற ஒன்பதாம் எண் வரப்பிலிருந்து கால் வழுக்கி, தலை வரைக்கும் முழுகிப் போனாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்று எனக்கு அப்போது தெரியாது. கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். சட்டைக் காலர். இருமிக்கொண்டே மேலே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று ஆட்டத்தில் என்னால் பிடிக்க முடியாதவளை அன்றைக்குத்தான் பிடித்தேன். அதைச் சொல்லியும்விட்டேன். அவள் இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில், "இது ஃபவுல் அக்கா, சட்டய பிடிச்சு இழுக்கக் கூடாது" என்றாள்.

மூட்டைகளை எல்லாம் கூடத்தில் அடுக்கி முடித்தோம். மாமனார் எல்லோருக்கும் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்த துண்டு போதவில்லை. பீரோவிலிருந்து தன் புது வேட்டியை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். பிறகு அடுப்பின் முன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ரொம்ப நேரம் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை நின்றது. தண்ணீர் மெதுவாக வடிய ஆரம்பித்தது. கம்பத்தில் கட்டிய கோல் வலையைக் காப்பாற்றலாம் என்று நானும் ஒன்பதாம் எண்ணும் எங்கள் கேப்டனும் மைதானத்துக்குள் இறங்கினோம். வடிகிற தண்ணீர் எல்லாம் ஒரு கோல் வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வலையைத் தொட்டதும் உள்ளே ஏதோ துள்ளியது. எங்கள் கேப்டன் ஓவென்று கத்திப் பின்வாங்கினாள். ஒன்பதாம் எண் குனிந்து தடவிப் பார்த்து, செவுளில் கைவிட்டுத் தூக்கினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. ஏரியிலிருந்து வெள்ளத்தோடு வந்து வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"கோல்!" என்று கத்தினாள் அவள்.

தவளைக்கு அப்படிப் பயந்தவள் மீனை எப்படி இவ்வளவு சாதாரணமாகப் பிடிக்கிறாள் என்று கேட்டேன். "மீன சாப்புடறோம்ல அக்கா" என்றாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

கோல் வலையின் கண்ணி பெரிது. சின்ன மீன்கள் புகுந்து போய்விடும். ஆகவே வீட்டிலிருந்து கொசுவலை ஒன்றைக் கொண்டு வந்து அதன் மேல் சேர்த்துக் கட்டினோம். சாயங்காலத்துக்குள் கெண்டை, விரால், பேர் தெரியாத பொடி மீன் என்று ஒரு கூடை நிறைந்துவிட்டது. தாழ்வான தெரு ஒன்றில் தண்ணீர் புகுந்து பத்துப் பதினைந்து குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். பாதியை அங்கே கொடுத்தோம். மீதியில் மாமனார் குழம்பு வைத்தார். கருவாட்டுக் குழம்பிலேயே கருவாட்டுக்குப் பதிலாக மீனைப் போட்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அப்படியொரு ருசி. அதற்குப் பிறகு எத்தனையோ முறை வைத்தும் அந்தப் பதம் வரவில்லை என்று அவரே சொல்வார்.

அன்று இரவு ஒன்பதாம் எண்ணிடம் கேட்டுவிட்டேன். "எப்பிடி என்ன தாண்டிப் போற? வலது பக்கம் போவப் போறன்னு நெனச்சா இடது பக்கம் போற. இடதுன்னு நெனச்சா வலது. அது இன்னா டிரிக்கு?"

அவள் மல்லாந்து படுத்துக்கொண்டு யோசித்தாள். "எனக்கே தெரியாது அக்கா. உங்க மூஞ்சிய பாப்பேன். எந்தப் பக்கம் போவலாம்னு நீங்களே சொல்ற மாதிரி இருக்கும்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தூங்கிப்போனேன்.

பாலத்துக்கு மேல் தண்ணீர் இறங்கியதும் லாரிக்காரர் வந்தார். ஊர் முழுக்கச் சேறு. அவர்கள் புறப்படும்போது மாமனார் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போங்கம்மா. போயி சேந்து போன் பண்ணுங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு வீட்டுக்குள் வந்து, "வூடு ஒரேடியா அமைதியாயிடுச்சி" என்றார். கூடத்தில் ஒரு ஒற்றைக் காலுறை கிடந்தது. எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வது அவ்வளவு சுகமில்லை. வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றதில் அவருடைய நெற்பயிர் அழுகிவிட்டது. வயலில் இறங்கி ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினால் வேர் வழவழவென்று கையோடு வந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமனார் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடலூரிலிருந்து திரும்பிய மாமியார் ஏதேதோ செய்து பார்த்தார். ஒரு காலையில் அவரே எழுந்து, கூடத்தில் அடுக்கியிருந்த விதை மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். காய்ந்த நெல்லின் வாசனை.

"நாத்து வுட்டுடலாம்" என்றார்.

நாற்றங்காலுக்கு ஏற்ற இடம் ஒன்றுதான் இருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் படிந்து, சமமாக, தண்ணீர் வசதியோடு. எங்கள் மைதானம். அவர் அதை என்னிடம் கேட்கத் தயங்கினார் என்பதுதான் வேடிக்கை. அவர் நிலம், அவர் விதை. இருந்தும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க மேட்ச்சு எப்பம்மா?" என்றார்.

"தேதி சொல்லல மாமா. அது கெடக்கட்டும். நீங்க ஓட்டுங்க."

"கேப்டன் பொண்ணு கோவிச்சிக்குமா?"

கேப்டனிடம் கேட்டேன். அவள் கடையில் துணி மடித்துக்கொண்டே, "கோவிச்சிக்கறதுக்கு இன்னா இருக்குது? சோறு முக்கியம். நாம அவங்க ஊருக்குப் போயி ஆடுவோம்" என்றாள். மறுநாள் நாங்களே கோல் கம்பங்களைப் பிடுங்கி வரப்போரமாகப் போட்டோம். அதற்கடுத்த நாள் டிராக்டர் இறங்கியது. நாங்கள் ஓடிய இடத்தில் பத்து நாளில் பச்சை எழும்பியது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி என்று அறிவித்தார்கள். இடம் பாகூர்ப் பக்கத்தில் அவர்கள் ஊர். ஏறுவதற்கு வண்டி வந்து நின்றபோது மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களுமா மாமா?"

"நாத்து நட்டாச்சி. வேல ஒண்ணுமில்ல. சும்மா பாக்கலாம்னு."

அவர்கள் ஊர் எல்லையிலேயே ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். எங்களுக்காக என்று நினைத்துக் கையை ஆட்டினேன். வண்டி நிற்பதற்குள் முன்பக்கக் கதவைத் திறந்து மாமனாரை இறக்கி நடுவில் வைத்து அழைத்துக்கொண்டு போனார்கள். அவரைப் போனில் திட்டிய அந்த அம்மாவும் வந்திருந்தார். தன் கையாலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அது அவர்கள் ஆட்கள் உட்காரும் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்து வந்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஆட்டம் தொடங்கியது. மணல் கலந்த தரை, கால் நன்றாகப் பிடித்தது. முதல் பாதியில் எங்கள் கேப்டன் தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. எங்களுக்கு ஒரு கோல். கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் எண் என்னை நோக்கி வந்தாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் இடது பக்கமாகப் போய்விட்டாள். ஒன்றுக்கு ஒன்று. ஓரத்திலிருந்து ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அப்பிடிப் போடு! சபாசும்மா!"

திரும்பிப் பார்த்தேன். என் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டாம் பாதி முழுக்க மூச்சு வாங்குவதே தெரியவில்லை. அவளை ஒரு முறை தடுத்தேன். இரண்டாம் முறை அவள் அடித்தது எங்கள் கீப்பர் கையில் மாட்டியது. ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து, "அய்யோ! பரவால்லம்மா, பரவால்ல!" என்று ஆறுதல். அது எனக்கில்லை. பிறகு எங்கள் அணியில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டாவது கோலைப் போட்டாள். முட்டியவளுக்கே அது நம்ப முடியவில்லை; அப்படியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசி நிமிஷம். ஒன்பதாம் எண் மறுபடி வந்தாள். என் பின்னால் கீப்பர் மட்டும்தான். இந்தத் தடவை எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் யோசிக்கத் தெம்பு இல்லை. கால் ஓய்ந்து நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம் தடுமாறினாள். பந்து அவள் காலிலிருந்து கொஞ்சம் முன்னே உருண்டு வந்தது. அதை எட்டி வெளியே உதைத்தேன். விசில் ஊதியது.

அவள் கையை இடுப்பில் வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு வந்து என் தோளில் ஒரு அடி வைத்தாள். "இன்னா அக்கா, மூஞ்சில ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்லடி. காலியாயிட்டேன்" என்றேன்.

கோப்பையை எங்கள் கேப்டன் வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். அதில் மாமனார் எங்கள் பக்கம் இல்லை. தோற்றுப்போன பெண்களுக்கு நடுவே நின்று ஒருத்திக்கு முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஊரிலேயே எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுக் கிளம்ப இருட்டிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் வண்டியின் பின்பக்கம் எங்கள் பெண்கள் பாட்டும் கூத்துமாக வர, முன்சீட்டில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நம்ம பொண்ணுங்க தோத்துட்டாங்களேம்மா."

"மாமா, நம்ம பொண்ணுங்கதான் ஜெயிச்சாங்க. நான்தான் உங்க மருமவ. கோப்ப பின்னால இருக்குது."

"அது தெரியாதா எனக்கு? நீங்களும் நல்லாத்தான் ஆடினீங்க." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தார். "அந்தக் கடைசிப் பந்த மட்டும் நீ வுட்டிருக்கலாம்."

வண்டி ஓட்டுகிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் வேகத்தைக் குறைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதை அவருக்குக் காட்டுவதாக இல்லை.

மறுநாள் காலை லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒன்பதாம் எண். வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, சாப்ட்டீங்களா? மாமாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். நான் தலைவாரி, டிபன் கட்டி, வண்டிச் சாவியைத் தேடி எடுத்து வாசலுக்கு வரும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். புளியைப் பற்றி என்று நினைக்கிறேன். போனைத் தரும்படி கை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்து, இரு இரு என்று சைகை காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அன்றைக்குப் போன் இல்லாமலே வேலைக்குப் போனேன்.